கைவலிக்கு மாட்டை விற்கலாமா?

டென்னிஸ் மட்டையைக் கையாலயும் தொடாத நம்ம ஊர்ப் பெண்களுக்கு ‘டென்னிஸ் எல்போ’ வருது. டாக்டர் சீட்டுல அப்படித்தான் எழுதிக் கொடுக்கறார். இந்தப் பேர் வந்த கதையே கொஞ்சம் அநியாயமானது. 1882ல இங்கிலாந்துல ஹென்றி மோரிஸ்ங்கற டாக்டர், புல்தரையில டென்னிஸ் ஆடறவங்களுக்கு வர்ற கைவலின்னு லான்செட் பத்திரிகையில எழுதினார். பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1873லயே, ரூங்கேங்கற ஜெர்மன் டாக்டர் இதே வலியைப் பத்தி எழுதிட்டார். அவர் எழுதினது பேனா பிடிச்சு எழுதற ஆளுங்களுக்கு வர்ற தொல்லையைப் பத்தி. அதுக்கும் முன்னாடி 1713ல, இத்தாலியில ரமாசினிங்கற டாக்டர், தொழில் நோய்கள் பத்தின தன்னோட புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில கணக்கெழுதற குமாஸ்தாக்களைப் பத்தி எழுதியிருக்கார். ஓயாம உட்கார்ந்திருக்கறது, ஒரே திசையில கையை அசைச்சுக்கிட்டே இருக்கறது, தப்பு வந்துடக்கூடாதேங்கற கவலை. இந்த மூணும்தான் அவங்க நோய்க்குக் காரணம்னு அவர் சொன்னார்.

ஆக, இது கிளார்க்குகளோட வியாதி. என் ஜாதி, அதாவது பேங்க் ஜாதி. டென்னிஸ்காரங்க அப்புறமா வந்து பேரை மட்டும் தட்டிக்கிட்டுப் போயிட்டாங்க :-)

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. திருப்பதியில பி.காம். படிச்சு, அங்கேயே ஒரு பேங்க் கவுண்டர்ல ஆரம்பிச்சு, இப்போ பஹ்ரைன்ல ஆணி பிடுங்கிட்டு இருக்கற நாற்பத்தி சொச்சம் வயசு ஆள். எனக்கும் இந்த வலி வந்து போச்சு, அதைப் பத்திக் கொஞ்சம் படிச்சேன். படிச்சதுல இருந்து ஒரு கட்சி எடுத்திருக்கேன்.

ஊர்ல இருக்கற பெரியவங்க “முழங்கை வலிக்குதுப்பா”ன்னு போன்ல சொன்னா, தூர தேசத்துல இருக்கற நாம உடனே மூணு பதில் சொல்றோம். “வயசாச்சு இல்ல.” “ரெஸ்ட் எடு.” “டாக்டர்ட்ட போய் ஒரு ஊசி போட்டுக்கோ.” இந்த மூணுமே பெரும்பாலும் சரியில்லைங்கறதுதான் என் கட்சி. மாத்த வேண்டியது அவங்க செய்யற வேலையோட விதத்தை. வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது.

முதல்ல வலி எங்கே வருதுன்னு பார்க்கலாம். முழங்கையோட வெளிப்பக்கம் தடவிப் பார்த்தா ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். மணிக்கட்டை மேல் பக்கமா தூக்கற தசைகளோட நாண் அங்கேதான் ஒட்டியிருக்கு. நாம ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது விரல்கள் உள்பக்கமா இழுக்கும், கூடவே மணிக்கட்டும் மடங்கப் பார்க்கும். அது மடங்காம நிறுத்தி வைக்கறது இந்தத் தசைகளோட வேலை. அதனாலதான் கனமே தூக்காம, வெறுமனே துணி பிழிஞ்சாலும், குக்கர் மூடி திறந்தாலும், பூட்டுல சாவி திருகினாலும் அந்த முண்டுல சுருக்குன்னு குத்துது. உள்பக்க முண்டுல வலிச்சா அதுக்கு ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ன்னு பேர். நம்ம சித்தப்பாமாருங்க எத்தனை பேர் கோல்ஃப் ஆடறாங்கன்னு கேக்காதீங்க.

இது வீக்கம், அழற்சின்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. 1979ல நிர்ஷ்ல், பெட்ரோன்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், ஆபரேஷன்ல எடுத்த நாண்களை மைக்ராஸ்கோப்புல பார்த்து எழுதினாங்க. அழற்சியில வர்ற செல்கள் அங்கே பெரிசா இல்லை. நாணோட இழைகள்தான் வரிசை கலைஞ்சு, பழைய கயிறு மாதிரி நைஞ்சு போயிருந்துச்சு. தினமும் தேயறது ஒரு பக்கம், உடம்பு தானே பழுது பார்க்கறது இன்னொரு பக்கம். வரவைவிடச் செலவு கூடிப்போனா என்ன ஆகும்னு ஒரு காமர்ஸ்காரன் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ முதல் பதில். “வயசாச்சு.”

பெரியவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு பேருக்கு இந்த வலி இருக்குன்னு சொல்றாங்க. அதிகமா வர்றது 35ல இருந்து 55 வயசுக்குள்ள. எழுபதுலதான் வரும்னு ஒண்ணும் இல்லை. டெண்டுல்கருக்கு 2004ல வந்தப்போ வயசு 31. ஆஸ்திரேலியா இங்கே வந்து ஆடின டெஸ்ட் தொடர்ல முதல் ரெண்டு மேட்ச் அவர் ஆடலை. 2005 மே மாசம் லண்டன்ல ஆபரேஷன், அந்த அக்டோபர்ல நாக்பூர்ல இலங்கைக்கு எதிரா 93 ரன். அவர் கனமான மட்டைக்குப் பேர் போனவர்ங்கறதும் உங்களுக்குத் தெரியும். வயசு ஏறினா நாண் பழுதாகித் திரும்ப கூடுதல் நாள் ஆகும், சர்க்கரை இருந்தா இன்னும் தாமதம் ஆகும், அது வாஸ்தவம். ஆனா “வயசாச்சு”ன்னு சொன்ன உடனே நாம மேற்கொண்டு கேள்வி கேக்கறதை நிறுத்திடறோம் பாருங்க, அங்கதான் கோளாறு. கை என்ன செய்யுதுன்னு யாரும் கேக்கறதே இல்லை.

எங்க ஊர்க் கைகளைக் கொஞ்சம் பாருங்களேன். 2022 ஏப்ரல்ல திருப்பதி தனி மாவட்டமாப் பிரிஞ்சிருச்சு. இருந்தாலும் எங்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் ஒரே வீட்டோட ரெண்டு ரூம்தான். மேல திருமலையில கல்யாணகட்டாவுக்குப் போனா, ஒரு நாளைக்கு இருபதாயிரத்துக்கும் மேல தலைகள் மொட்டை ஆகுது. ஒவ்வொரு தலைக்கும் கத்தியைப் பிடிச்ச ஒரு கை. பக்கத்துல மடப்பள்ளிப் போட்டுவுல ஒரு நாளைக்குச் சுமார் மூணு லட்சம் லட்டு. பூந்தியை மேல ஏத்த, எடுத்துட்டுப் போக மெஷின் வந்துடுச்சு. ஆனா உருண்டை பிடிக்கறது இன்னமும் கைதான். 2009ல புவிசார் குறியீடு வாங்கின அந்த லட்டை நாம கண்ணுல ஒத்திக்கறோம். அதைப் பிடிச்ச கையை நினைக்கறோமா? கீழ வந்தா காளஹஸ்தியில கலம்காரி, மூங்கில் குச்சியில துணியைச் சுத்தி அதை நாள் முழுக்க அமுக்கிப் பிடிச்சு வரையறாங்க. சித்தூர்ப் பக்கம் கிளிமூக்கு மாங்கா சீசன்ல பல்ப் ஃபேக்டரிகள்ல பெண்கள் பழம் பிரிச்சு நறுக்கறாங்க. எல்லா வீட்லயும் களி கிண்டற துடுப்பு. ராகிக் களி கிண்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய முன்கைப் பயிற்சி எந்த ஜிம்லயும் கிடையாது.

அப்புறம் பால். சித்தூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகள் ஓடறது மாட்டுப் பால்லதான். எங்க பெரிம்மாவுக்கு ரெண்டு மாடு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு மாடு கறந்து முடிக்கறதுக்குள்ள கை நூத்துக்கணக்கான தடவை இறுக்கித் தளர்த்தணும். வருஷக்கணக்கா அப்படியே ஓடிச்சு. போன வருஷம் வலது முழங்கையில பிடிச்சுக்கிச்சு. அவங்க சொன்னது: “நைனா, தம்ளர் காபி தூக்க முடியலடா. கை நழுவுது.”

அடுத்த நாள் குடும்பமே போன்ல கூடிச்சு. ஹூஸ்டன்ல ஒரு அண்ணன், சிங்கப்பூர்ல அக்கா, இங்கே நான். பத்து நிமிஷத்துல தீர்ப்பு ரெடி. மாட்டை வித்துடலாம், வீட்டைப் பூட்டிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துடட்டும். பாசத்துல சொன்னதுதான், யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா இந்தத் தீர்ப்போட இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை பால் காசு பெரிம்மா பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்டுக்கு வருது. நாம அனுப்பற பணத்தோட ஒப்பிட்டா அது சில்லறைதான். ஆனா அது அவங்க சம்பாத்தியம். அந்தப் பாஸ்புக்கை அவங்க பிடிச்சுக்கிட்டு வர்ற விதத்தைப் பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்தவன் பார்த்திருப்பான். பொங்கலுக்குப் பேத்திக்குப் பாவாடை அந்தக் காசுலதான். பால் ஊத்தப் போற இடத்துல நாலு பேரைப் பார்க்கறாங்க, ஊர்க்கதை பேசறாங்க. மாடு போச்சுன்னா அது எல்லாம் போச்சு. முழங்கையில இருக்கற ஒரு நாணுக்காக ஒரு மனுஷியோட முழு நாளையே எடுத்துடறது எந்த ஊர் நியாயம்?

நம்மள்ல நிறைய வீட்ல இதான் நடக்குது. மாடு இல்லாட்டி தையல் மெஷின், அது இல்லாட்டி தோட்டம், அது இல்லாட்டி ஊறுகா போட்டு அனுப்பறது. வலி வந்ததும் முதல்ல நாம பிடுங்கறது அதைத்தான்.

ரெண்டாவது பதில், “ரெஸ்ட் எடு.”

ரொம்ப வலிக்கற முதல் சில நாள் கையைக் கொஞ்சம் விட்டுப் பிடிக்கறது சரி. ஆனா மாசக்கணக்கா கையைத் தொங்கப் போட்டா நாண் இன்னும் பலவீனம் ஆகும். திரும்ப வேலைக்கு வந்த முதல் வாரமே வலி வந்து நிக்கும். நாணுக்குத் தாங்கற சக்தி வர்றதே அளவான சுமையாலதான். எங்க பக்கத்துல இன்னொரு விஷயமும் உண்டு. சென்னையில இருந்து திருப்பதி போற ரோட்டுல இருக்கற புத்தூர், அங்கே போடற எலும்புக் கட்டு உலகப் பிரசித்தம். பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தைன்னு கட்டுவாங்க, தலைமுறை தலைமுறையா சனங்க போறாங்க. அதைக் கிண்டல் பண்றது என் நோக்கம் இல்லை. ஆனா எலும்பு முறிவுக்குக் கட்டுன்னா அசையாம வைக்கறது. இங்கே முறிஞ்சது எதுவும் இல்லை. முழங்கை சட்டுன்னு விறைச்சுப் போற மூட்டு. இந்த வலிக்கு வாரக்கணக்கா இறுக்கிக் கட்டி வைச்சா பழைய வலியோட விறைப்பும் சேர்ந்துக்கும். எந்த ஊர் கட்டா இருந்தாலும், எந்த ஆஸ்பத்திரி மாவுக்கட்டா இருந்தாலும் இதேதான்.

மூணாவது பதில், “ஊசி போட்டுக்கோ.” இதுலதான் எனக்கு அதிகக் கோபம், அதனால கொஞ்சம் நம்பர் சொல்றேன்.

2002ல நெதர்லாந்துல 185 நோயாளிகளை மூணு குழுவாப் பிரிச்சுப் பார்த்து லான்செட்ல எழுதினாங்க. ஒரு குழுவுக்கு ஸ்டீராய்ட் ஊசி, இன்னொண்ணுக்கு பிசியோதெரபி, மூணாவதுக்கு ‘பொறுத்திருந்து பார்’. ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தா ஊசிக்காரங்கள்ல நூத்துக்கு 92 பேர் தேவலை. பிசியோதெரபியில 47, பொறுத்திருந்தவங்கள்ல 32. அடடா, ஊசிதான்யா மருந்துன்னு தோணும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ கணக்கு தலைகீழ். பிசியோதெரபி 91, ஒண்ணும் செய்யாம பொறுத்திருந்தவங்க 83, ஊசி போட்டவங்க 69. ஒண்ணுமே செய்யாதவனைவிட ஊசி போட்டவன் பின்னாடி நிக்கறான். 2013ல ஆஸ்திரேலியாவுல 165 பேரை வச்சு செஞ்ச ஆய்வும் அதையே சொல்லிச்சு. ஸ்டீராய்ட் போட்டவங்கள்ல நூத்துக்கு 54 பேருக்கு வலி திரும்ப வந்துச்சு. வெறும் மருந்தில்லா ஊசி போட்டவங்கள்ல 12 பேருக்குத்தான்.

எங்க தொழில் பாஷையில சொன்னா இது பர்சனல் லோன். இன்னிக்கு சாயங்காலமே பணம் கையில, சந்தோஷம். ஆறு மாசம் கழிச்சு இ.எம்.ஐ. வர்றப்போதான் தெரியும். இதோட சர்க்கரை இருக்கறவங்களுக்கு ஸ்டீராய்ட் ஊசிக்கு அப்புறம் சில நாள் சர்க்கரை ஏறும். வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கி மாசக்கணக்கா முழுங்கறதும் இதே கதைதான். வயித்தையும் கிட்னியையும் பி.பி.யையும் அது சும்மா விடாது. பையன் ஃபாரின்ல, கேக்க ஆள் இல்லைன்னு தனியா இருக்கற பெரியவங்கதான் இதை அதிகமா செய்யறாங்க.

வலியை அமுக்கறதுல இருக்கற ஆபத்தை எங்க பக்கத்துலயே ஒருத்தர் உலகத்துக்குக் காட்டினார். சித்தூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல வேலூர் சி.எம்.சி. அங்கே 1940களோட கடைசியில இருந்து தொழுநோயாளிகளோட கைகளை ஆபரேஷன் செஞ்சு சரிபண்ணினவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில பொறந்த வெள்ளைக்காரர். அந்த நோயாளிகளோட விரல் தேயறது நோயே விரலைத் தின்னறதால இல்லை, வலி தெரியாததால காயம் மேல காயம் பட்டுத்தான்னு அவர் காட்டினார். வலி ஒரு வரம்னே அவர் பேசிட்டு வந்தார். அந்த அளவுக்கு நான் போகலை, முழங்கை குத்தற நேரத்துல வரம்னு யாராவது சொன்னா அடிப்பேன். ஆனா வலிங்கறது ஒரு நோட்டீஸ். “இந்த வேலையை இந்த மாதிரி செய்யாதே”ன்னு வந்த நோட்டீஸ். அதைப் படிக்காம கிழிச்சுப் போடறதுதான் ஊசி.

சரி, வேலையை மாத்தறதுன்னா என்ன? எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் எங்க பேங்க்லயே இருக்கு.

முன்னாடியெல்லாம் நோட்டுக் கட்டுல கம்பி பின் அடிச்சிருப்பாங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணணும்னா முதல்ல அந்தப் பின்னைப் பிடுங்கணும். கட்டைவிரலும் மணிக்கட்டும் முறுகும். திரும்பக் கட்டும்போது மறுபடி குத்தணும். உண்டியல் காசும் நோட்டும் புழங்கற திருப்பதி மாதிரி ஊர்ல கேஷியர் கை என்ன பாடு படும்னு யோசிங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ சீனியர்கள் கையை நீவிக்கிட்டே அந்தக் கதையெல்லாம் சொல்வாங்க. 2001 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் ‘கிளீன் நோட் பாலிசி’ன்னு ஒரு உத்தரவு போட்டுச்சு. நோட்டுக் கட்டுல பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டை சுத்தணும். நோட்டு கிழியக் கூடாதுங்கறதுதான் அவங்க கவலை, கேஷியர் கை இல்லை. ஆனாலும் பின் பிடுங்கற வேலையே ஒழிஞ்சு போச்சு. எத்தனை தைலம் தேய்ச்சாலும் நடக்காதது, ஒரு சர்க்குலர்ல நடந்துச்சு. யாரையும் வேலையை விட்டுப் போகச் சொல்லலை. வேலையோட விதம் மாறிச்சு, அம்புட்டுதான்.

அதே மாதிரி வீட்டுக்கும் நாம ஒரு சர்க்குலர் போடலாம்:

பால் கறக்கறவங்கள்ல பலர் கட்டைவிரலை மடக்கி, அந்த முட்டியால காம்பை நசுக்கிக் கறப்பாங்க. அது மாட்டுக் காம்புக்கும் கேடு, கைக்கும் கேடு. முழுக் கையால பிடிச்சுக் கறக்கறதுதான் கால்நடை டாக்டர்கள் சொல்ற முறை. ஒரு வேளை அவங்க, ஒரு வேளை கூலிக்கு ஒரு ஆள்னு பிரிக்கலாம். ரெண்டு மாட்டுக்குக்கூட சின்ன கறவை மெஷின் கிடைக்குது. நாம ஊருக்குப் போறப்போ வாங்கிட்டுப் போற செல்போனை ஒரு தடவை நிறுத்தினா அதுக்குக் காசு தேறும்.

துணி பிழியறதை நிறுத்தணும். இந்த வலிக்கு அதுதான் முதல் எதிரி. சொட்டச் சொட்டக் கொடியில போட்டா வெயில் பார்த்துக்கும், எங்க ஊர் வெயிலுக்குப் பஞ்சமா? இல்லாட்டி துணியைக் குழாய்ல சுத்திப் போட்டு ரெண்டு கையாலயும் இழுக்கலாம்.

பாத்திரத்தை உள்ளங்கை கீழ பார்க்கற மாதிரி தூக்கினாத்தான் வலி. உள்ளங்கை மேல பார்க்கற மாதிரி, ரெண்டு கையால, உடம்போட ஒட்டித் தூக்கினா அந்த நாணுக்கு சுமை குறையும். கிரைண்டர் கல்லைத் தூக்காம சாய்க்கற மாடல் வாங்கிக் கொடுங்க.

துடுப்பு, கரண்டி, கத்திப் பிடி எல்லாத்துக்கும் துணி சுத்தித் தடிமனாக்குங்க. மெல்லிசான பிடியை இறுக்கறதுக்குத்தான் அதிக பலம் வேணும். கத்தியைச் சாணை பிடிங்க.

ஒரே மூச்சுல செய்யறதைப் பிரிச்சு செய்யணும். முறுக்கு பிழியறதா, நாலு ஈடு இன்னிக்கு, நாலு ஈடு நாளைக்கு.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்துல ஒரு பயிற்சி. முன்கையை மேஜை மேல வச்சு, உள்ளங்கை கீழ பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளிய நிக்கணும். அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கங்க. மற்ற கையால மணிக்கட்டை மேல தூக்கி விட்டு, வலிக்கற கையால அஞ்சு எண்ணற வரைக்கும் மெதுவா இறக்கணும். பத்துப் பதினைஞ்சு தடவை, கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு சுற்று. அதுவே வலிச்சா, அசைக்காம அரை நிமிஷம் நேரா பிடிச்சு நிக்கறதுல ஆரம்பிக்கலாம். லேசா வலிக்கும், அது பரவாயில்லை. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா பாட்டில்ல தண்ணியைக் குறைங்க. ஆறுல இருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு வாரத்துல சரியாகும்னு சொல்றவரை நம்பாதீங்க. முழங்கைக்கு ரெண்டு விரக்கடை கீழ போடற பட்டை வேலை நேரத்துல சிலருக்கு உதவும், ராத்திரி கழட்டிடணும். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள எப்படியும் சரியாகிடற வலி இது. அந்த நம்பிக்கையை முதல்ல கொடுங்க.

டாக்டர்ட்ட போகவே வேண்டாம்னு நான் சொல்லலை. சுண்டுவிரல் மரத்துப் போனா, ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல் எரிஞ்சு எழுப்பினா, கழுத்துல இருந்து வலி இறங்கினா, அது நரம்புக் கதை. மூட்டு வீங்கிக் காய்ச்சல் இருந்தாலோ, விழுந்த பிறகு வலின்னாலோ காத்திருக்கக் கூடாது. இடது கை வலியோட நெஞ்சு அடைச்சு வேர்த்தா அது முழங்கையே இல்லை, உடனே ஆம்புலன்ஸ். மத்தபடி எங்க பக்கத்துக்காரங்களுக்குக் குறை இல்லை. திருப்பதியில தேவஸ்தானத்தோட பேர்ட் ஆஸ்பத்திரி எலும்பு மூட்டுக்குன்னே இருக்கு, ஸ்விம்ஸ்ல பிசியோதெரபி காலேஜே நடத்தறாங்க, சித்தூர்க்காரங்களுக்கு வேலூர் பக்கம். போறப்போ ஒண்ணு மட்டும் கேக்கச் சொல்லுங்க: “ஊசிக்கு முன்னாடி பிசியோதெரபிஸ்ட் பார்க்கலாமா?”

“நீ சொல்றதெல்லாம் சரிப்பா, அவங்க கேக்கவே மாட்டாங்க, பிடிவாதம்”னு சொல்வீங்க. மாட்டை வித்துடுன்னு சொன்னா பிடிவாதம்தான் வரும். எனக்கும் வரும். மாட்டை வச்சுக்கோ, ஒரு வேளைக்கு ஆள் போடறேன்னு சொல்லிப் பாருங்க.

இன்னொரு எதிர்க்கேள்வி, “பாவம், இத்தனை வருஷம் உழைச்சாச்சு, இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடட்டுமே.” அவங்களா உட்காரணும்னு சொன்னா சந்தோஷம். நாம உட்கார வைக்கறது வேற.

நம்ம கைக்கும் ரெண்டு வார்த்தை. நாற்பத்தி ரெண்டு வயசு வரைக்கும் ஓடாத நாம திடீர்னு வெள்ளிக்கிழமை கோர்ட் புக் பண்ணி நாலு மணி நேரம் பேட்மிண்டன் ஆடறோம். வாரம் முழுக்க மவுசைத் தூரத்துல வச்சு கையை நீட்டிக்கிட்டு எக்செல் ஷீட். ராத்திரி படுத்துக்கிட்டே ஒரே கட்டைவிரலால வாட்ஸ்அப். மவுசைக் கிட்ட கொண்டு வாங்க, மட்டையோட பிடியைத் தடிமனாக்குங்க, நாலு மணி நேரத்தை ஒரு மணி நேரத்துல இருந்து ஆரம்பிங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ நம்ம குடும்பத்து மூட்டைத் துணியையும் கையால பிழிஞ்சு போடற அந்த வேலைக்கார அக்காவுக்கும் இதே முழங்கைதான் இருக்குங்கறது ஞாபகம் இருக்கட்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010ல திருத்தின தொழில் நோய்ப் பட்டியல்ல, பலம் கொடுத்துத் திரும்பத் திரும்ப செய்யற வேலையால வர்ற இந்த முழங்கை வலியையும் சேர்த்திருக்கு. ஆக இது சோம்பேறி சாக்கு இல்லை, பட்டியல்ல பேர் உள்ள நோய்.

இந்த வார லீவுல ஊருக்கு போன் போடுவீங்க இல்ல? “கை எப்படி இருக்கு?”ன்னு மட்டும் கேக்காதீங்க, “பரவால்ல”ன்னு ஒரே பதில்தான் வரும். நாலு கேள்வி கேளுங்க. எந்த வேலை செய்யறப்போ வலிக்குது? அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யறே? எந்த வேலையை விட மனசில்லை? எதை வேற ஆள் செஞ்சா பரவாயில்லை? நாலாவது பதிலுக்கு நாம காசு அனுப்பலாம், மூணாவது பதில்ல கை வைக்கக் கூடாது.